வெள்ளைப் பட்டை

அம்புஜத்துக்குக் கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் தாம்பாளத்தில் சென்னியப்பன் மிதந்துகொண்டிருந்தான்.

துடியலூர் வீட்டின் சரக்கறை அது. சன்னலில் கறுப்பு ரெக்சின் அடித்து, கதவிடுக்கில் பழைய சேலையைத் திணித்து, பட்டப்பகலை வெளியே நிறுத்தி வைத்திருந்தது. வெங்காய மூட்டைக்கும் கடலை எண்ணெய் டின்னுக்கும் நடுவே, சிவப்பு பல்புக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்து, லட்சுமணசாமி தாம்பாளத்தின் ஓரத்தைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார். மருந்துத் தண்ணீர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மெதுவாக அலைந்தது. ஃபிலிமில் முதலில் எழுந்தது வேட்டி. வெளுத்ததெல்லாம் கறுப்பாகவும் கறுத்ததெல்லாம் வெளுப்பாகவும் வருவது ஃபிலிமின் குணம். ஆகவே வேட்டி கன்னங்கரேலென்று வந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். நல்ல வெளிச்சம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வேட்டிக்குள் ஒரு காது வந்தது.

வேட்டிக்குள் காதுக்கு என்ன சோலி என்று குனிந்தார். காதுக்குப் பக்கத்தில் அரை மீசை வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மிச்ச முகத்தை வேட்டி தின்றுவிட்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, நின்றுகொண்டிருந்த கல்யாணப் பெண்ணின் வயிற்றில் அதே பெண்ணின் தலை இன்னொரு தரம் முளைத்திருந்தது.

அடுத்த ஃபிலிமைப் போட்டார். அதில் செவ்வாய்க்கிழமைச் சந்தை மாதிரி ஆள்மேல் ஆள். மீதி இரண்டும் ஒரு ஈ எறும்புகூட இல்லாமல், கழுவிய கண்ணாடிபோல வந்தன.

கதவைத் தட்டினாள் அம்புஜம். "ஏனுங், ஆச்சுங்களா? மயிலா வந்து வாசல்ல நிக்கறா. படம் எப்படி வந்துருக்குதுன்னு கேக்கறா."

"நல்லா வந்துருக்குதுன்னு சொல்லு," என்றார் லட்சுமணசாமி.

வியாபாரி வாய். மூளைக்குச் சேதி போய்ச் சேரும் முன்பே பதில் சொல்லிப் பழகியது. வெளியே சென்னியப்பன் மனைவி மயிலாத்தாள், "மகராசனா இருக்கட்டுமுங்க" என்று சொல்வது கதவைத் தாண்டிக் கேட்டது.

*

காந்திபுரத்தில் பம்புசெட் சாமான் கடை லட்சுமணசாமிக்கு. பேரிங், புஷ், வால்வு, ஃபுட்வால்வு என்று எதைக் கேட்டாலும் இல்லை என்ற சொல் அந்தக் கடையில் கிடையாது. இருந்தால் எடுத்துக் கொடுப்பார். இல்லாவிட்டால், "லாரி ஏறிருச்சுங்க, நாளைக்கு வந்து எறங்கீரும்" என்பார். அந்த லாரி எந்த ஊரில் கிளம்பியது என்று கேட்ட விவசாயி இதுவரை ஒருவனுமில்லை.

காமிரா வந்த கதையும் ஒரு வியாபாரம்தான். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருந்த சுந்தரராஜுலு, கலர் வந்த பிறகு ஸ்டூடியோவை மூடிவிட்டுத் தோட்டம் பார்க்கப் போனார். அவருக்குக் கிணற்றில் போட ஒரு மோட்டார் வேண்டும். கடைக்கு வந்தவர் மோட்டாரைத் தடவிக்கொண்டே, தன்னிடம் தேக்கும் பித்தளையுமாக ஒரு பெரிய காமிரா இருப்பதாகச் சொன்னார். முக்காலியில் நிற்கும், முன்னால் கண்ணாடி, பின்னால் பால் கண்ணாடி, நடுவில் ஆர்மோனியம்போலத் துருத்தி. அப்படியே மாற்றிக்கொள்வதென்று பேச்சாயிற்று.

"துருத்தியில பொத்தல் கித்தல் உண்டுங்களாண்ணா?"

"பொத்தலா? மழையில வெச்சாக்கூட உள்ள ஒரு சொட்டு எறங்காது, லட்சுமணா. உம்பட மோட்டாரு பழசில்லியே?"

"கெணத்தையே குடிச்சுப்போடுமுங்க."

மோட்டாரின் உள்ளே பழைய பேரிங்குக்கு மேலே புது கிரீஸ் மட்டும் அடைத்திருந்தது. துருத்தியின் மடிப்புக்குள்ளே விரல் நுழையும் ஓட்டைகள் இருந்தன. இருவரும் மற்றவரை ஏமாற்றிவிட்ட நிறைவோடு கைகொடுத்துப் பிரிந்தார்கள். ஓட்டைகளை லட்சுமணசாமி சைக்கிள் டியூப் வெட்டிப் பஞ்சர் ஒட்டினார். மோட்டாரை சுந்தரராஜுலு என்ன செய்தார் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒட்டிய கையோடு கிறுக்குப் பிடித்துக்கொண்டது. அந்த அளவுக்கு ஃபிலிம் கடையில் விற்பதில்லை. அச்சகக்காரர்கள் பிளேட் எடுக்க வாங்கும் பெரிய ஃபிலிமில் காலாவதியானதைக் கெஞ்சி வாங்கி, சிவப்பு வெளிச்சத்தில் அம்புஜத்தின் தையல் கத்திரியால் நறுக்கினார். அந்த ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதனால் வேலைக்குச் சௌகரியம்; ஆனால் வெளிச்சத்தைக் குடிப்பதில் பரம சோம்பேறி. முன்கண்ணாடியின் மூடியைக் கழற்றி, ஒன்று இரண்டு மூன்று என்று வாயால் எண்ணி, மறுபடி மூட வேண்டும். அதுவரை எதிரில் இருப்பவர் இமைக்கக்கூடாது, மூச்சுவிடக்கூடாது.

முதலில் எடுத்த தென்னைமரம் கஞ்சியில் முக்கியெடுத்த துணிபோல வந்தது. அம்புஜத்தை ஆட்டுக்கல்லுக்கு முன்னால் உட்கார வைத்து எடுத்ததில் ஆட்டுக்கல் மட்டும் அழகாக வந்தது.

"கல்லு அசையாம இருந்துச்சுல்ல, அதான்," என்றார்.

"நானும் கல்லாட்ட இருந்தா உங்களுக்குச் சோறு எவ ஆக்குவா?" என்றாள் அம்புஜம். தாம்பாளம் போன கோபம் அவளுக்கு. ஊறுகாய் ஜாடி போன கோபம் அதைவிடப் பெரிது. அதில் ஃபிலிம் கழுவும் ஹைப்போ மருந்தைக் கரைத்து வைத்திருந்தார்.

ஆனாலும் சித்திரை முடிவதற்குள் கைபடிந்துவிட்டது. பால் கண்ணாடியில் உலகம் தலைகீழாகத் தெரிந்தாலும் எது நேர் என்று மனசு கண்டுகொண்டது. சிலேட்டு அகலத்தில் மரப்பெட்டிகள் இரண்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னுமாக இரண்டு ஃபிலிம், ஒவ்வொன்றுக்கும் மேலே செருகிய தகடு. தகட்டின் தலையில் ஒரு பக்கம் வெள்ளைப் பட்டை, மறுபக்கம் கறுப்புப் பட்டை. எடுக்காத ஃபிலிமென்றால் வெள்ளை வெளியே தெரிய வேண்டும். எடுத்து முடித்தால் தகட்டைத் திருப்பிக் கறுப்பு தெரியச் செருக வேண்டும். அவ்வளவுதான் சட்டம். சரக்கு விற்றதும் விற்காததும் கலக்காமலிருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எந்தக் கடையிலும் இல்லை என்று அவர் வியந்திருக்கிறார்.

*

சென்னியப்பன் லட்சுமணசாமி கடையில் வேலை பார்க்கும் ஆள். முன்பு பஞ்சாலையில் பஞ்சு உடைக்கும் இடத்தில் இருந்தவன். நெஞ்சுக்குள் பஞ்சு ஏறிவிட்டது என்று அவனே சொல்லிச் சிரித்துக்கொண்டு வேலையை விட்டு இங்கே வந்தான். மோட்டாரை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் வைப்பான். வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து இருமுவான். இந்த வருஷம் தூக்குவது நின்று இருமல் மட்டும் மிச்சமிருந்தது. பெரியாஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆக வேண்டியதைச் சீக்கிரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஆக வேண்டியது மகள் பொற்கொடியின் கல்யாணம். வெள்ளகோவிலில் விசைத்தறி ஓட்டும் கௌதமனுக்கு, வைகாசியில், துடியலூர் மாரியம்மன் கோயிலில் என்று முடிவாயிற்று.

பத்திரிகை வைக்க வந்தபோது, பக்கத்து ஸ்டூடியோக்காரரிடம் போட்டோவுக்குச் சொல்லிவிட்டதாகச் சென்னியப்பன் சொன்னான்.

"அந்தாள வேண்டாம்னு சொல்லிப்போடு," என்றார் லட்சுமணசாமி. "நம்மகிட்ட இத்தாம்பெரிய காமிரா இருக்கறப்ப அவனெதுக்கு? நாலு படம் எடுத்தாலும் நாப்பது வருசத்துக்கு நிக்கும். நான் வந்து எடுத்துத் தாரேன்."

"மொதலாளி... உங்களுக்கு எதுக்குங்க செரமம்?"

"நம்ம பொற்கொடிக்குச் செய்யாம வேற ஆருக்கு?"

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கொடுத்த வாக்கை அப்போதே திரும்ப வாங்கியிருக்கலாம். அச்சகத்துக் காலாவதி ஃபிலிமும் வீட்டு ஜாடியுமாகச் செலவில்லாமல் ஒரு பெரிய மொய் எழுதிவிடுகிற சாமர்த்தியமும், உயிருள்ள முகங்கள் வந்து வரிசையாக உட்காரப்போகிற ஆசையும் அந்த வாக்குக்குள் இருந்ததை அவர் மட்டுமே அறிவார்.

*

கல்யாணத்தன்று கோயில் பந்தலுக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலுக்கு வெளியே இரண்டு நாற்காலி போட்டு, முக்காலியை ஊன்றினார். கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு பால் கண்ணாடியில் குனிந்தபோது முதுகில் யாரோ தட்டினார்கள். மாப்பிள்ளையின் அத்தை காளியாத்தாள்.

"ஏனுங் சாமி, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல கருப்பப் போத்திக்கிட்டு நிக்கறீங்களே, நல்லாவா இருக்குது?"

"அதில்லீங்கம்மா, வெளிச்சம் உள்ள வரப்படாது, அதுக்குத்தான்..."

"வேற கலருத் துணிக்கு வெளிச்சத்த மறைக்கத் தெரியாதுங்களா?"

பேரம் பேசிப் பயனில்லாத முகத்தை அவருக்குப் பார்த்தவுடன் தெரியும். பந்திக்கு விரித்திருந்த பவானி ஜமுக்காளத்தில் ஒன்றை உதறி எடுத்துப் போர்த்திக்கொண்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். சோற்றுப் பருக்கை ஒன்று காதில் விழுந்தது.

முதல் படம் அப்பனும் மகளும். மயிலாத்தாள் அதைத்தான் முதலில் கேட்டிருந்தாள். "என்றூட்டுக்காரரு இன்னைக்கு வரைக்கும் ஒரு போட்டோவுக்கும் நின்னதில்லீங்க. புள்ளையோட ஒண்ணு இருக்கோணுமுங்க. அவ கொண்டு போறதுக்கில்ல, எனக்கு." சவரம் செய்து, மீசையை முறுக்கி, புது வேட்டி கட்டிச் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சிவப்புக் கூறைச் சேலையில் பொற்கொடி.

"சென்னியப்பா, மூடியக் கழட்டுனா மூச்சு விடப்படாது."

"இருமல் வந்தா என்னங்க பண்றது?"

"அடக்கிக்க."

மூடியைக் கழற்றி அவர் எண்ண ஆரம்பித்தார். சென்னியப்பனின் கழுத்து நரம்பு புடைத்தது. கண் சிவந்து நீர் கோர்த்தது. ஆனால் அசையவில்லை. மூடி விழுந்த பிறகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினான். பொற்கொடி முதுகைத் தடவினாள். "அருமையா இருந்தே," என்றார் லட்சுமணசாமி. அடுத்ததில் மயிலாத்தாளும் சேர்ந்துகொண்டாள். இரண்டும் ஆனதும் தகடுகளைத் திருப்பிச் செருகி, பெட்டியை நிறைகுடத்துப் பக்கத்து மணையில், எடுக்காத பெட்டியோடு சாய்த்து வைத்தார்.

தாலி ஏறியது. மறுபடி காளியாத்தாள் வந்தாள்.

"அதென்ன சாமி, நெறகொடத்துப் பக்கத்துல கருப்புப் பட்டை? தாலி கட்டுன கையோட புள்ளைங்க கண்ணுல அதா படோணும்? திருப்பி வெய்யிங்க."

அதற்குள் மாப்பிள்ளை வீட்டு உறம்பரைச் சனம் நாலுபேர் கூடிவிட்டார்கள். கேட்கிறவர் மனம் கோணாமல் தலையாட்டுவதுதான் அவருடைய தொழில். "அதுக்கென்னங்கம்மா, திருப்பிப்போட்டாப் போச்சு," என்று சிரித்துக்கொண்டே பெட்டியை வெளிச்சம் படாமல் ஜமுக்காளத்துக்குள் சுருட்டி வைத்து, தகடுகளை உருவி வெள்ளை தெரியத் திருப்பிச் செருகி, பழையபடி மணையில் சாய்த்தார். இப்போது பெட்டி இரண்டும் ஒன்றுபோல வெள்ளை வெளேரென்று இருந்தன. காளியாத்தாள் திருப்தியோடு போனாள். யாரோ சந்தகை சாப்பிடக் கூப்பிட்டார்கள். தேங்காய்ப்பால் ஊற்றி ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு வந்து, மாப்பிள்ளையையும் பெண்ணையும் அதே இடத்தில், நாற்காலியை எடுத்துவிட்டு நிற்க வைத்தார். கைக்கு வாகாக இருந்த பெட்டியை எடுத்துச் செருகினார்.

மாப்பிள்ளை நின்ற இடம் சென்னியப்பன் உட்கார்ந்திருந்த இடம். நின்றவனின் வேட்டி உயரமும் உட்கார்ந்தவனின் முக உயரமும் ஒன்று.

*

காகிதத்தில் அச்சுப் போட்டுப் பார்த்தபோது இன்னும் மோசமாக இருந்தது. காகிதத்தில் கறுப்பு வெளுப்பாகிவிடுகிறதல்லவா? நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் முகத்தின்மேல் வெள்ளைத் துணி இழுத்துப் போர்த்தியிருக்கிறது. ஒரு காதும் அரை மீசையும் மட்டும் வெளியே. சாவு வீட்டு வாசலில் குளிப்பாட்டி உட்கார வைத்ததுபோல.

அம்புஜம் அதை வாங்கிப் பார்த்துவிட்டு வெடுக்கென்று கவிழ்த்து வைத்தாள். "அய்யோ சாமி. இதப்போயி அவகிட்ட எப்படீங்க குடுப்பீங்க?"

"அதான் யோசிக்கறேன்."

"யோசிக்கறதுக்கு என்ன இருக்குது? போயி நடந்ததச் சொல்லுங்க. பத்துப்பேரு முன்னால ஜமுக்காளத்தப் போத்திக்கிட்டு ராசாவாட்ட நின்னீங்கல்ல? இப்பவும் போயி நில்லுங்க."

"மாப்பிள்ள ஊட்டுப் பையன் ஒருத்தன் சின்னக் காமிராவுல எடுத்தானே..."

"கேட்டுப்போட்டேன். எல்லாம் பொண்ணும் மாப்பிள்ளையுந்தே. சென்னியப்பனோட முழங்கை ஒண்ணுல இருக்குதாம்."

அவர் போகவில்லை. சென்னியப்பன் கடைக்கு வருவதும் நின்றிருந்தது. மயிலாத்தாள்தான் வந்தாள். ஆனி மாசக் காற்றில் முந்தானை தலையிலிருந்து பறக்க, கடைக்கு எதிரே நின்று, கூட்டம் குறையும்வரை காத்திருந்து கேட்பாள்.

"படம் ஆச்சுங்களா மொதலாளி?"

"கழுவிக் காயப்போட்டிருக்குது, மயிலாத்தா. ஈரக்காத்து, காயமாட்டீங்குது."

இன்னொரு நாள், "பெரிசு பண்ணக் குடுத்திருக்குது" என்றார். இன்னொரு நாள், பிரேமுக்குக் கண்ணாடி வரவேண்டும் என்றார். ஒவ்வொன்றையும் அவள் நம்பினாள். நம்பிக்கொண்டு, "உங்களுக்குத்தானுங்க எத்தன செரமம்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். திட்டிவிட்டுப் போகிற வாடிக்கைக்காரனை அவருக்குச் சமாளிக்கத் தெரியும். இவள் பேருந்தேறிப் போன பிறகு கல்லாவில் உட்கார முடியவில்லை. பேரிங் கேட்டு வந்தவனிடம் அன்றைக்கு முதன்முதலாக, "இல்லீங்க" என்று சொன்னார். வந்தவனே அதிர்ந்துபோனான்.

ஒரு நாள் அவள், "அவருக்கு இப்பத்துக்கெல்லாம் சோறு எறங்கறதில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் படத்தைப் பற்றிக் கேட்காமலே திரும்பினாள். அன்று பொழுதோடே லட்சுமணசாமி படத்தைப் பழுப்பு உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, துடியலூர் ரயில்வே கேட்டைத் தாண்டி அவர்கள் வீட்டுக்கு நடந்தார்.

*

மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு சாரல் சிலுசிலுத்தது. ஓட்டு வீடு, ஒற்றை அறை. கயிற்றுக் கட்டிலில் இரண்டு தலையணைக்குச் சாய்ந்து சென்னியப்பன் உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டும் என்று மயிலாத்தாள் சொன்னாள். கன்னம் உள்ளே போய்விட்டது. மீசையை யாரோ வேறொருவன் முகத்தில் ஒட்டியதுபோல இருந்தது.

"வாங்க மொதலாளி. கடைய ஆரு பாத்துக்கறாங்க?"

"கடை கெடக்குது, உடு."

மயிலாத்தாள் கருப்பட்டி போட்டு வரக்காப்பி கொடுத்தாள். தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்ட சத்தம் கேட்டதும், "புடிச்சுட்டு வந்தர்றனுங்க, பேசிக்கிட்டு இருங்க" என்று குடத்தோடு போனாள்.

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த முன்னுரை முழுவதும் காப்பியோடு தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

"சென்னியப்பா, படம் கெட்டுப்போச்சு."

சென்னியப்பன் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தான்.

"கெட்டுப்போச்சுன்னா தானாக் கெடல. நான் கெடுத்துப்போட்டேன். உம்பட மூஞ்சி மேல மாப்பிள்ளைய எடுத்துப்போட்டேன். கழுவி ஒண்ணரை மாசமாச்சு. அன்னைக்கே தெரியும். மயிலாத்தாகிட்ட நாஞ் சொன்னதெல்லாம் பொய்யி. அந்த ஸ்டூடியோக்காரன வேண்டாம்னு சொன்னதும் நாந்தான்."

"கொண்டாந்திருக்கீங்களா?"

"எத?"

"படத்தைங்க."

"வேண்டாம். நீ பாக்காத."

"என்ற மூஞ்சிய நான் பாக்கறதுக்கு என்னங்க? குடுங்க."

உறையைக் கொடுத்தார். சென்னியப்பன் படத்தை விளக்குப் பக்கம் சாய்த்து, தூரமாக வைத்துப் பார்த்தான். கிட்டே கொண்டுவந்து பார்த்தான். தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறான் என்று லட்சுமணசாமி கட்டிலோரம் நகர்ந்தார். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மொதலாளி... என்னைய இப்பவே போத்திப்போட்டீங்களாட்ட இருக்குது!"

சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்கவில்லை. லட்சுமணசாமி அவன் முதுகைப் பிடித்துக்கொண்டார். கைக்கு எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது. இதே முதுகுதான் மோட்டாரைத் தூக்கியது.

இருமல் அடங்கியதும், "நாளைக்கே காமிராவோட வாரேன்," என்றார் அவசரமாக. "இல்லாட்டி அந்த ஸ்டூடியோக்காரனையே கூட்டிட்டு வாரேன். அவன் காமிரா பொட்டுன்னு எடுத்துப்போடும், மூச்சு அடக்க வேண்டீதில்ல."

"வேண்டாங்க."

"ஏம்ப்பா?"

"அன்னைக்கு நீங்க எண்ணி முடிக்கற வரைக்கும் நெஞ்சுக்குள்ள இருந்ததையெல்லாம் புடிச்சு நிறுத்துனனுங்க. புள்ளைக்காக. அந்த மூஞ்சி வேற. இந்த மூஞ்சியச் செவுத்துல மாட்டி வெச்சா, மயிலா தெனோம் அதப் பாத்து என்னங்க பண்ணுவா? ஆஸ்பத்திரியத்தான் நெனப்பா." படத்தை உறைக்குள் போட்டு, உறையின் வாயை மடித்து அவரிடம் நீட்டினான். "இது அவ கண்ணுல படப்படாதுங்க."

"நான் இன்னைக்கு அவகிட்டயும் சொல்லிர்றேன். அதுக்குத்தான் வந்தேன்."

"சொல்லப்படாதுங்க."

"சென்னியப்பா, என்னால முடியல. அவ வந்து கடை முன்னால நின்னான்னா..."

"புள்ளைக்குத் தாலி கட்டுன அன்னைக்கு எடுத்த படத்துல அப்பன் இப்படி வந்தான்னு தெரிஞ்சா, அவ எனக்காக அழுவமாட்டாங்க. புள்ளைக்கு என்னாகுமோன்னு அழுவா. பொற்கொடிக்கு ஒரு காச்சல் வந்தாலும் இந்தப் படம்தான் ஞாவகம் வரும். நான் போறது போறதுதானுங்க. போற எடத்துல அந்தச் சொமைய அவ தலையில ஏத்தி வெச்சுட்டுப் போகோணுமா?"

"அப்ப என்னதான் சொல்றது?"

சென்னியப்பன் மூச்சு வாங்கிக்கொண்டான். அவன் கண்ணில் பழைய கடைக் குறும்பு வந்தது.

"லாரி ஏறிருச்சுன்னு சொல்லுங்க. எத்தன பேருகிட்டச் சொல்லியிருக்கறீங்க? நானும் பக்கத்துல நின்னு, ஆமாங்க, நானே ஏத்திவிட்டேன்னு சொல்லியிருக்கறனல்ல? நான் இருக்கற வரைக்கும் வருது வருதுன்னே இருக்கட்டும். அவளுக்கு அதொரு எதிர்பார்ப்புங்க. அப்பறம் ஒரு நாளைக்கு, தண்ணி பட்டுப் பாழாப்போச்சுன்னு சொல்லிப்போடுங்க. திட்டுவா. வாங்கிக்குங்க."

"நான் மன்னிப்புக் கேக்கலாம்னுதான்..."

"அதெல்லாம் எதுக்குங்க, பெரிய வார்த்தை. இதச் செய்யுங்க போதும்."

வாசலில் குடம் இறங்கும் சத்தம். லட்சுமணசாமி உறையைச் சட்டைக்குள் திணித்தார். அது நெஞ்சில் குத்தியது. பாரத்தை இறக்கி வைக்கலாம் என்று வந்தவருக்கு, வந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கூட ஏற்றித் திருப்பி அனுப்புகிறான் சென்னியப்பன். அதையும் மரியாதை குறையாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' வைத்து.

மயிலாத்தாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "படத்தப் பத்தித்தான் பேசிட்டு இருந்தீங்களா? சிரிக்கறது குழாயடி வரைக்கும் கேட்டுதுங்க. இவரு சிரிச்சு எத்தன நாளாச்சு."

"ஆமாமா," என்றான் சென்னியப்பன். "மெட்ராசுல கண்ணாடி போட்டு லாரி ஏத்தியாச்சாமா. மொதலாளி அதச் சொல்லத்தான் நடந்தே வந்திருக்கறாரு."

அவள் லட்சுமணசாமியைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார்.

"நெசமாலுங்களா? ஆடிக்குப் புள்ளயக் கூட்டியாரப் போறோமுங்க. அவ வர்றப்ப செவுத்துல இருக்கோணும்னுதானுங்க நேத்து அந்தப் பக்கத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிச்சேன்." கட்டிலுக்கு எதிர்ச்சுவரைக் காட்டினாள். புதுச் சுண்ணாம்பு வாசனை அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. "படம் எத்தாச்சோடு இருக்குமுங்க? ஆணி எங்க அடிக்கறதுன்னு தெரியல. நீங்களே ஒரு அடையாளம் போட்டுக் குடுத்துருங்க மொதலாளி. நாளைக்குப் பக்கத்தூட்டுத் தம்பிய விட்டு அடிச்சுக்கறனுங்க."

அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது? எழுந்து சுவரை ஒட்டி நின்றார். இல்லாத படத்தின் அளவைக் கையால் அகலமும் உயரமுமாகக் காட்டினார். அவள் பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"இன்னும் சித்த ஒசரமா இருந்தா நல்லாருக்குமுங்களா?"

அவர் கையை உயர்த்தினார்.

"அவ்வளவு ஒசரம் எதுக்கு?" என்றான் சென்னியப்பன் கட்டிலிலிருந்து. "எறக்குங்க மொதலாளி. நான் இங்கிருந்து பாக்கோணுமல்ல? இன்னும் எறக்குங்க... வலத்தால கொஞ்சம்... அங்கதான். நிறுத்துங்க."

லட்சுமணசாமி கரியை அழுத்தி வெள்ளைச் சுவரில் பெருக்கல் குறி போட்டார். திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"நேரா இருக்குதுங்களா?" என்று மயிலாத்தாள் புருஷனைக் கேட்டாள்.

சென்னியப்பன் அந்த வெற்றுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாருக்குது, மயிலா," என்றான். "புள்ளையும் நானும் நல்லாத் தெரியறோம்."